சரிவான காட்டுல வெறகுக்கு மரம் வெட்டறதுங்க: பள்ளத்துப் பக்கம் சாச்சு உருட்டி உடலாமா?

நீங்க கேட்டது இதுதானுங்க. அந்தியூர் பக்கம் மலையடிவாரத்துல மூணு ஏக்கர் சரிவான காடு, அதுல ஊஞ்ச மரம் (உசிலைன்னும் சொல்வாங்க), வேம்பு, ரெண்டு மூணு வாகைன்னு ஒரு இருபது மரம் நிக்குது, மஞ்ச வேக வெக்கறதுக்கும் வீட்டு அடுப்புக்கும் வெட்டோணும். வந்து பாத்த மர ஏவாரி எல்லாத்தையும் பள்ளத்துப் பக்கம் சாச்சு, துண்டு போட்டு, உருட்டி உட்டா கீழ டிராக்டர்ல ஏத்திக்கலாம்ங்கறாரு. 68 வயசுல உங்க அய்யன், ஏவாரி எதுக்கு, ரெண்டு ஆள் வெச்சு நாமளே வெட்டிக்கலாம்ங்கறாரு. நீங்க திருப்பூர்ல வேலைல இருந்துக்கிட்டு ரெண்டுக்கும் நடுவுல முழிக்கறீங்க. மரத்தை எப்படி வெட்டறதுன்னு கேட்டிருந்தாலும், படிச்சுப் பாத்தா உங்க பயம் வெட்டுனதுக்கு அப்பறம் நடக்கறதப் பத்தித்தான்னு எனக்குப் படுது. அந்தக் கட்டை யாரு மேலயும் உழுகாம, காட்டு மண்ணும் போகாம எப்படி ரோட்டுக்கு வரும்ங்கறது. சரியான பயம்தானுங்க.

என்னப் பத்தி சொல்லீர்றேன், எவ்வளவு தூரம் நம்பலாம்னு தெரியோணுமில்லீங்களா. எங்க அப்பாரு காலத்துல இருந்து வெறகு வேலை. அப்ப செங்கச் சூளைக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் போட்டாங்க, நான் தலையெடுத்த பொறகு திருப்பூர் பக்கம் பாய்லருக்குப் போட்டேன், 22 வருஷம் ஆச்சு. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரில விவசாயிங்களுக்கு நடத்துன பயிற்சிக்கு ஒரு தடவ போயிருக்கேன், அங்க சொல்லிக் குடுத்ததுல பாதி எங்க ஆளுங்க ஏற்கனவே பண்ணிக்கிட்டு இருந்ததுதான், மீதிப் பாதி தெரிஞ்சிருந்தா ஒரு ஆளோட காலு தப்பிச்சிருக்கும், அதப் பின்னால சொல்றேன். சென்னிமலை, அந்தியூர், உடுமலைச் சரிவுகள்ல வெட்டியிருக்கேன். கொல்லிமலை, ஏற்காடு மாதிரி செங்குத்தான எஸ்டேட்டுல கம்பி கட்டி சில்வர் ஓக் எறக்கறதெல்லாம் தனி வேலைங்க, அது நான் செஞ்சதில்ல, அதனால நான் சொல்றத அங்க கொண்டு போய் வெச்சுப் பாக்காதீங்க.

மொதல்ல ஏவாரி சொன்னது. பள்ளத்துப் பக்கம் நேரா சாய்க்கறது சுலபம், ஏன்னா சரிவுல இருக்கற மரம் பெரும்பாலும் அந்தப் பக்கந்தான் சாஞ்சு நிக்கும், வாதெல்லாம், அதாவது கிளையெல்லாம், அந்தப் பக்கந்தான் எச்சா இருக்கும், வாய் (சாயற பக்கம் அடிமரத்துல மொதல்ல எடுக்கற பள்ளம்) வெட்டிட்டா தானா போயிரும். ஆனா சமதரையில உழுகறதவிட சரிவுல மரத்தோட தலை ரொம்ப தூரம் சுத்தி வந்து உழுகுது, அந்த வேகத்துல தரையில அடிச்சா கட்டை ஒடஞ்சு சிதறும், அடிப்பாகம் தூரை விட்டு எகிறும், அப்படியே மொத்த மரமும் சறுக்கிக்கிட்டு கீழ போகும், நடுவுல வரப்பு, கல்லுக்கட்டு என்ன இருந்தாலும் சேத்தி இழுத்துட்டுப் போகும். சரி, அப்ப மேட்டுப் பக்கம் சாச்சரலாம்னு நெனைக்காதீங்க, அதுலயும் வெனை இருக்கு. மேட்டுல தலை சீக்கிரமே தரையத் தொட்டுரும், தொட்டதும் அடிமரம் பின்னால எத்தும், வெட்டுன ஆளு அங்கதான் நிப்பான். நிச்சயமா சொல்றேனுங்க, சரிவுக்குக் குறுக்கால, வரப்பு ஓடற வாக்குலயே மரம் படுக்கோணும், கொஞ்சம் கோணலா மேட்டுப் பக்கம் தலை இருந்தாலும் தப்பில்ல. அப்படிப் படுத்தா பக்கத்துத் தூரோ பாறையோ தாங்கிக்கும், கவாத்து பண்ற ஆளுக்கும் மேட்டுப் பக்கம் நின்னு வேலை செய்ய எடம் கெடைக்கும்.

அதுக்காக மரத்துல அருவா வெக்கறதுக்கு முந்தின நாளே காட்ட ஒரு சுத்து நடந்து பாருங்க. ஒவ்வொரு மரத்தையும் பாத்து, இது எங்க படுக்கும், படுத்த பொறகு அந்தக் கட்டை எந்த வழியா கீழ வரும், அந்த வழியில யாரோட சாளை (தோட்டத்து வீடு), கெணறு, ஆட்டுப் பட்டி, நடக்கற தடம் இருக்குன்னு முடிவு பண்ணி சுண்ணாம்புல குறி போடுங்க. வழி தெரியாத மரத்தை அன்னிக்கு வெட்டாதீங்க. பொந்து இருந்தா கல்லு எறிஞ்சு பாத்துக்குங்க, கதண்டு கூடு இருக்கற மரத்துல மெஷின் வெச்சு ஓடறதுக்கு வழியில்லாமத் தவிச்ச ஆளுங்களப் பாத்திருக்கேன். கரண்டு கம்பி பக்கத்துல இருந்தா ஈபி ஆபீசுல எழுதிக் குடுத்து லைன ஆஃப் பண்ண வெச்சுட்டுத்தான் வேலை, அதுல பேச்சே இல்ல.

குறுக்கால சாய்க்கறதுக்கு எதிரா மரத்தோட கனமே பள்ளத்துப் பக்கம் இழுக்கும், அதனால ரெண்டு வேலை முன்னால செய்யோணும். ஒண்ணு, ஏறத் தெரிஞ்ச ஆள உட்டு பள்ளத்துப் பக்கத்து வாதெல்லாம் மொதல்ல கழிச்சரோணும், நம்ம பெரியவங்க எப்பவும் செஞ்சதுதான், இப்ப மெஷின் வந்ததும் அவசரத்துல உட்டுட்டாங்க. ரெண்டு, மரத்துல மூணுல ரெண்டு பங்கு ஒசரத்துல வடக்கயிறு கட்டி, படுக்க வேண்டிய பக்கம் இழுக்கோணும். கயிறு மரத்தோட ஒசரத்தப் போல ரெண்டு மடங்கு நீளம் இருக்கோணும், இல்லீன்னா இழுக்கற ஆளு மேலயே மரம் வரும். இன்னும் நல்லது, ஒரு உறுதியான மரத்தோட அடியில கப்பி மாட்டி கயிற அதுல சுத்தி மேட்டுப் பக்கமா நின்னு இழுக்கறது, அப்ப இழுக்கறவங்க மரம் உழுகற வாக்குலயே இருக்க மாட்டாங்க.

வெட்டற முறைய எழுதிக் காட்டி கத்துக் குடுக்க முடியாதுங்க, ஆனா வர்ற ஆளு சரியாப் பண்றானான்னு நீங்க பாத்துக்கறதுக்காக சொல்றேன். மரம் படுக்க வேண்டிய பக்கம் வாய் எடுக்கோணும், அடிமரத்தோட கனத்துல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு ஆழம், நல்லா அகலமா. அப்பறம் பின்பக்கத்துல இருந்து, வாயோட அடிக்கு ஒண்ணு ரெண்டு இஞ்சு மேல, ரம்பம் உள்ள வரோணும். ரெண்டு வெட்டும் சந்திக்கக் கூடாது, நடுவுல மரத்தோட கனத்துல பத்துல ஒரு பங்கு வெட்டாம நிக்கோணும், ஒரு அடி மரம்னா ஒண்ணேகால் இஞ்சு. அதுதான் கதவுக்குக் கீல் மாதிரி, மரத்த நாம சொன்ன பக்கம் திருப்பிக் கொண்டு போறது அந்தத் துண்டுதான். அதயும் சேத்தி வெட்டிட்டா மரம் எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் தெரியாது. பின்வெட்டு போடறப்ப ஆப்பு ஒண்ணு தட்டி வெச்சுக்கிட்டா ரம்பம் கவ்வாது. மரம் முறியற சத்தம் கேட்டதும் வெட்டறவன் மெஷின அங்கயே போட்டுட்டு மேட்டுப் பக்கமா, பின்னால கோணலா பதினஞ்சு இருபது அடி போயிரோணும், நேர் பின்னால இல்ல. அந்த வழிய முன்னாடியே முள்ளு, கல்லு இல்லாம சுத்தம் பண்ணி வெக்கோணும். வேட்டியும் செருப்புமா மெஷின் புடிக்கற ஆளக் காட்டுக்குள்ள உடாதீங்க, சங்கடமா இருந்தாலும் திருப்பி அனுப்பீருங்க.

ரொம்ப சாஞ்ச மரம், அதுலயும் நார் நேரா ஓடற தைலமரம், சவுக்கு மாதிரி மரம், பாதி வெட்டறப்பவே நெடுக்கப் பொளந்துக்கிட்டு அடிப்பாகம் ஆளோட மூஞ்சி ஒசரத்துக்கு எகிறும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நடக்கும், ஒதுங்க நேரம் கெடைக்காது. உங்க காட்டுல எது அப்படி சாஞ்சிருக்குதோ அத ரொம்பப் பழகுன ஆளு வந்தாத்தான் தொடோணும், இல்லீன்னா உட்ருங்க. அதே மாதிரி, இன்னொரு மரத்து மேல மாட்டிக்கிட்டு பாதியில நிக்கற மரத்துக்கு அடியில போய் தாங்கற மரத்த வெட்டறது, அந்த வேலைய யாரு சொன்னாலும் செய்ய வேண்டாம். தூரத்துல இருந்து கயிறு போட்டு அடிய இழுத்துத்தான் எறக்கோணும்.

இப்ப அந்தக் காலு சமாச்சாரம். 2008ல ஒரு சரிவுல ஒரு பெரிய வேம்ப சாச்சோம், குறுக்காலதான், நல்லாவே படுத்துது. டீ குடிச்சோம், வெத்தலை போட்டோம், முக்கா மணி நேரம் அந்தக் கட்டை அசையாமக் கெடந்துது, அதனால எல்லாத்துக்கும் தைரியம் வந்திருச்சு. எங்ககிட்ட பத்து வருஷம் வேலை செஞ்ச அண்ணன் ஒருத்தரு வாது கழிக்க எறங்குனாரு, மேட்டுப் பக்கம் இருந்த கொப்பெல்லாம் கழிச்சுட்டு, பள்ளத்துப் பக்கம் தரையில ஊனிக்கிட்டு இருந்த ஒரே ஒரு வாதப் பாத்து, இதயும் முடிச்சரலாம்னு கீழ எறங்கி நின்னு கோடாலி போட்டாரு. நாலாவது போடுல டொப்புன்னு ஒரு சத்தம். அந்த வாதுதான் அதுவரைக்கும் மொத்த மரத்தையும் முட்டுக் குடுத்து நிறுத்தியிருந்துது. மரம் வேகமாகூட உருளலீங்க, சோம்பல் முறிக்கற மாதிரி ஒரு பொரளு பொரண்டுச்சு, அவ்வளவுதான், அவரு கணுக்காலு கல்லுக்கும் கட்டைக்கும் நடுவுல. ஆறு பேரு கடப்பாறை போட்டு நெம்பி எடுத்தோம். எலும்பு கூடுச்சு, ஆனா அதுக்கப்பறம் அவரு நடை சரியா வரவேயில்ல. அன்னிக்கு வேலைய நடத்துனது நான். கீழ நிக்காதீங்கண்ணான்னு ஒரு வார்த்தை சொல்லாதது இன்னைக்கும் உறுத்துது. அதனால உங்களுக்கு அழுத்திச் சொல்றேன், படுத்த மரத்துக்கு எப்பவும் மேட்டுப் பக்கம் நின்னுதான் வேலை. தரையில ஊனியிருக்கற வாத கடைசி வரைக்கும் உட்டு வெக்கோணும், அத வெட்டறதுக்கு முந்தி அடியில பள்ளத்துப் பக்கம் ரெண்டு முளைக்குச்சி அடிச்சு, கல்லு அண்டக் குடுக்கோணும். வளஞ்சு விறைப்பா நிக்கற கொப்ப வெட்டறப்ப, நசுங்கி இருக்கற உள்பக்கத்துல கொஞ்சம் கீறிட்டு அப்பறம் இழுபட்டு இருக்கற வெளிப்பக்கத்த வெட்டோணும், இல்லீன்னா வில்லு மாதிரி அடிக்கும். மேல ஒருத்தன் வெட்டறப்ப அவனுக்கு நேர் கீழ இன்னொருத்தன் எந்த வேலையும் செய்யக் கூடாது, எவ்வளவு தொலவு இருந்தாலும்.

கீழ கொண்டாறதுக்கு வர்றேன். நீங்க கேட்டதுல எல்லாரும் மறக்கற ஒண்ணு என்னன்னா, உங்களுக்கு வேண்டியது வெறகு, பலகை இல்ல. பலகைக்குன்னா பத்தடி பன்னெண்டடி கட்டையா இழுத்தாகோணும். வெறகுக்கு எதுக்குங்க நெட்டுக் கட்டை? கணக்குப் பாருங்க, ஒரு அடி கனம் பத்தடி நீளம் இருக்கற பச்சைக் கட்டை 200 கிலோவுக்கு மேல வரும். அதயே மூணடி துண்டாப் போட்டா ஒண்ணு 65 கிலோ, இரும்பு ஆப்பு வெச்சு நாலாப் பொளந்தா ஒரு சிலாம்பு 16 கிலோ. அத ஒரு பொம்பளயாள் தூக்கிட்டு நடக்கலாம், உருட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். மரம் படுத்த எடத்துலயே துண்டு போட்டு, அங்கயே பொளந்து, சுமந்து எறக்கறதுதான் உங்க மூணு ஏக்கருக்கு நான் சொல்ற வழி. ரெண்டு நாள் கூலி எச்சாகும், ஆகட்டும். துண்டு போடறப்ப உருண்டையா இருக்கற துண்டு ஒவ்வொண்ணுக்கும் அடியில கல்லு வெச்சு நிறுத்துங்க, உருண்டக் கட்டை நின்ன எடத்துல நிக்காது, ஒரு தடவ கெளம்புனா வரப்பு வரப்பாத் துள்ளிக்கிட்டுப் போகும். பொளந்துட்டா அந்தப் பயம் போச்சு.

வாதையும் மிளாறையும் (சின்னக் குச்சிங்களையும்) இழுக்கலாம். கொப்ப அடிப்பாகத்தப் புடிச்சு, நுனித் தழையோட இழுத்தா தழையே தரையப் புடிச்சு நிறுத்திக்கிட்டு வரும், ஆள முந்தாது. மாடு கட்டி இழுக்கறதா இருந்தா உங்க பக்கத்துலயே பர்கூர் மாடு இருக்குது, மேடு பள்ளத்துல வேலை செய்யறதுக்குன்னே வளந்த இனம். சங்கிலி நீளமா இருக்கோணும், எறக்கத்துல கட்டை மாட்டோட பின்னங்கால்ல வந்து இடிக்கக் கூடாது. கட்டையோட முன்பக்கத்த கோடாலில உருட்டி செதுக்கி உட்டா மண்ணுல குத்தி நிக்காது, கட்டைய சுத்தி இன்னொரு சங்கிலி ஓட்டிக் கட்டுனா பிரேக்கு மாதிரி இருக்கும். மாட்ட ஓட்டறவரு கட்டைக்கு மேட்டுப் பக்கம் நடக்கோணும்.

டிராக்டர் விசயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பான ஆளு. பத்தடி மூங்கில மட்டமாப் புடிச்சு ஒரு முனைய மேட்டுத் தரையில வெச்சா, மறுமுனை தரையில இருந்து எவ்வளவு ஒசரத்துல நிக்குதுன்னு அளந்து பாருங்க. ரெண்டு அடிக்கு மேல இருந்தா நாங்க டிராக்டர மேல ஏத்தறதில்ல. இது எங்க வழக்கம், எழுதி வெச்ச சட்டம் இல்ல, மண்ணு ஈரமா இருந்தா அதுல பாதிக்கே நான் ஏத்த மாட்டேன். ஏத்துனா நேரா ஏறி நேரா எறங்கோணும், குறுக்கால ஓட்டுனா ஒரு கல்லு மேல சக்கரம் ஏறுனாலே பக்கவாட்டுல உருண்டுரும். எறங்கறப்ப மொதல் கியர், கிளச்ச மிதிக்கவே கூடாது, ரெண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு ஒண்ணாச் சேத்துக்குங்க. கட்டைய இழுக்கற சங்கிலிய கீழ இருக்கற கொக்கியிலதான் மாட்டோணும். சீட்டுக்குப் பின்னால ஒசரத்துல, டாப் லிங்க் எடத்துல மாட்டி இழுக்கறப்ப கட்டை ஒரு தூர்ல முட்டுச்சுன்னா முன்சக்கரம் தூக்கி ரெண்டு செகண்டுக்குள்ள டிராக்டர் பின்னால கவுந்துரும், ஓட்டறவன் குதிக்கவே முடியாது. நம்மூர்ல ஓடற பழைய வண்டிங்களுக்குத் தலைக்கு மேல காப்புக் கம்பியும் கெடையாது. உங்க காட்டுக்கு டிராக்டர் கீழ வண்டித் தடத்துல நின்னு லோடு ஏத்தறதோட நின்னுக்கட்டும்.

எப்ப வெட்டறதுன்னும் கேட்டிருக்கீங்க. தை, மாசி நல்ல காலம், மண்ணு காஞ்சிருக்கும், காத்து இருக்காது, பங்குனி சித்திரை வெயில் முழுசும் வெறகு காயறதுக்குக் கெடைக்கும். ஆனி ஆடில வெட்டவே வேண்டாம், அந்த மேக்காத்துல கயிறு கட்டியும் பிரயோசனமில்ல. ஐப்பசி கார்த்திகை மழைக்குள்ள வெட்டி இழுத்தீங்கன்னா இழுத்த தடமே ஓடையாயிரும். ஆனா தையில வெட்டி இந்த வருச மஞ்சளுக்கே எரிக்கலாம்னு கணக்குப் போடாதீங்க. பச்சை மரத்தோட கனத்துல பாதிக்குக் கிட்ட தண்ணிதான், அத ஆவியாக்கறதுக்கே நெருப்பு செலவாயிரும், பொகைதான் மிச்சம். இந்த வருசம் பழைய வெறகு வாங்கிக்குங்க, இத பொளந்து, தரையில படாம ரெண்டு கட்டை மேல அடுக்கி, மேல மட்டும் தகரம் மூடி, அடுத்த வருச மஞ்சளுக்கு வெச்சுக்குங்க. தேய்பிறையில வெட்டுனா உளு (மரத்தத் தொளச்சு மாவாக்கற வண்டு) உழுகாதுன்னு உங்க அய்யன் சொல்றதா எழுதியிருந்தீங்க. எங்க அப்பாருவும் அப்படித்தான் வெட்டுனாரு, நானும் மரியாதைக்கு அப்படியே வெட்டியிருக்கேன், ஆனா வளர்பிறையில வெட்டுன லோடுக்கும் இதுக்கும் வித்தியாசம் என் கண்ணுக்குப் பட்டதில்ல. உளு திங்கறது கட்டையோட வெளிப்பக்கத்து வெள்ளையில இருக்கற மாவுச்சத்த. சீக்கிரம் பொளந்து, பட்டை உரிச்சு, காய வெச்சா கொறையும், இது நான் பாத்தது.

சட்டம் கொஞ்சம் பாத்துக்கோணும். பட்டா நெலமா இருந்தாலும் உங்க கிராமம் மலைப்பகுதின்னு அறிவிச்ச பட்டியல்ல இருந்தா, 1955ல வந்த மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி வெட்டறதுக்கு முன்னாடியே அதுக்குன்னு இருக்கற மாவட்டக் கமிட்டிகிட்ட எழுத்து மூலமா அனுமதி வாங்கோணும். அடிவாரத்துல ஒரு கிராமம் பட்டியல்ல இருக்கும், பக்கத்து கிராமம் இருக்காது, அதனால விஏஓகிட்டயும் ரேஞ்சர் ஆபீசுலயும் நேர்ல கேட்டுருங்க, வண்டியில ஏத்தி வெளிய கொண்டு போறதுக்கு எந்த மரத்துக்குப் பாஸ் வேணும்னும் அங்கயே கேட்டுக்குங்க. வேலியோரத்துல பறவை எச்சத்துல மொளச்ச சந்தன மரம் இருந்தா அது சின்னக் குச்சியா இருந்தாலும் தொடாதீங்க.

உங்க அய்யனப் பத்தி. அவருக்கு மரம் தெரியும், அத நான் சந்தேகப்படல. ஆனா சரிவுல முறியற சத்தம் கேட்டா பதினஞ்சு அடி மேட்டுல ஏறி ஓடோணும், 68ல அது ஆகாதுங்க. வேண்டாம்னு சொன்னா மனசு நோகும், அதனால அவருக்கு ஒரு வேலை குடுங்க, நெசமாவே முக்கியமான வேலை: கீழ தடத்துல, பக்கவாட்டுல தள்ளி நின்னு, ஆடு மாடு ஓட்டிட்டு வர்றவங்கள நிறுத்தறது, கீழ ஆள் இல்லைன்னு அவரு கொரல் குடுத்தாத்தான் மேல பின்வெட்டு போடறதுன்னு வெச்சுக்குங்க. எங்க வேலையில அத எப்பவும் வயசான ஆளுங்கதான் பாப்பாங்க, மத்தவங்க பராக்குப் பாத்துருவாங்க.

கடைசியா மண்ணு. இருபதுல இருபதையும் வெட்டாதீங்க. பள்ளத்தோரத்துல நிக்கறதையும், கல்லுக்கட்டு மேல வேரோடி நிக்கறதையும் உட்டுட்டு, மீதியில இந்த வருசம் ஆறு ஏழு போதும், அங்கங்க ஒண்ணா. ஜேசிபி வெச்சு தூர் பறிக்கறேன்னு யாராவது வந்தா காட்டுக்குள்ளயே உடாதீங்க, சரிவுல மண்ணப் புடிச்சுக்கிட்டு இருக்கறது அந்த வேருதான். தூர் செத்துப் போச்சுன்னா வேரு உடனே உடாது, நாலஞ்சு வருசத்துல அழுகி, அப்பறம் ஒரு பெரிய மழையில மண்ணு எறங்கும், எதனாலன்னுகூட அப்ப யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஊஞ்சையும் வேம்பும் தூர் உயிரோட இருந்தா தழையும், அதனால தரைக்கு அரை அடி ஒசரத்துல, தண்ணி நிக்காத மாதிரி கொஞ்சம் சாய்வா, பட்டை உரியாம வெட்டச் சொல்லுங்க. கழிச்ச மிளாற எரிக்க வேண்டாம், இழுத்த தடத்துக்குக் குறுக்க பத்தடிக்கு ஒரு கட்டாப் போட்டு மேல கல்லு வெச்சுருங்க, மழைத்தண்ணி வேகம் கொறஞ்சு வண்டல் அங்கயே தங்கும். மழைக்கு அப்பறம் தூரச் சுத்தி இருபது முப்பது கொழுந்து வரும், அதுல பள்ளத்துப் பக்கத்தத விட்டுட்டு மேட்டுப் பக்கம் தரையோட ஒட்டி மொளச்ச நல்ல குச்சியா ரெண்டோ மூணோ நிறுத்திட்டு மத்தத ஒடிச்சு ஆட்டுக்குப் போடுங்க, நிறுத்துனத சுத்தி ஒரு வருசத்துக்கு முள்ளு கட்டி வெய்யுங்க.